கண்டனம் ஒன்று, கவலை ஐந்து

2006 அக்டோபர் 9, திங்கட்கிழமை. காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. வட கொரியாவின் வடகிழக்கில், புங்கியே-ரி என்ற மலைப்பகுதியில் குடைந்து வைத்திருந்த சுரங்கத்துக்குள் ஓர் அணுகுண்டு வெடித்தது. நெருங்கிய நட்பு நாடான சீனாவுக்கே வெடிப்பதற்குச் சுமார் இருபது நிமிடம் முன்புதான் தகவல் போனது. ஜப்பானில் பிரதமராகி இரண்டு வாரமே ஆகியிருந்த ஷின்சோ அபே, முதல் நாள் பெய்ஜிங்கில் பேச்சு நடத்திவிட்டு அன்று சியோலுக்கு வந்தார். அதே நாளில் நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், தென் கொரிய வெளியுறவு அமைச்சர் பான் கி-மூனை அடுத்த பொதுச் செயலாளராகப் பரிந்துரைத்தது.

அந்தத் திங்கட்கிழமை தொடங்கி 2017 செப்டம்பர் 3 வரை வட கொரியா ஆறு முறை அணு ஆயுதச் சோதனை நடத்தியது. ஆறு முறையும் உலகத் தலைநகரங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே வாசகத்தில் கண்டனம் வந்தது. பாதுகாப்பு கவுன்சில் ஒவ்வொரு முறையும் ஒருமனதாகத் தடைகளை இறுக்கியது. அப்படியிருந்தும் குண்டின் ஆற்றல் பெருகிக்கொண்டேதான் போனது.

ஏன்? எதிர்வினை ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் பயம் நாட்டுக்கு நாடு வேறு. சீனா, தென் கொரியா, ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யா ஆகிய ஐந்து நாடுகளும் வட கொரியாவுடன் 2003 முதல் ஒரே மேசையில் பேச்சு நடத்தியவை. ஐந்துக்கும் ஐந்து விதமான கவலை. ஒன்றின் கவலை மற்றொன்றின் கையைப் பிடித்து இழுக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக விளங்கும்.

வெடித்தது எப்படித் தெரிகிறது?

பூமிக்கடியில் நடக்கும் வெடிப்பை மறைக்க முடியாது. சில நிமிடங்களில் உலகம் முழுக்க உள்ள நிலநடுக்கமானிகள் அதைப் பதிவு செய்துவிடும். இயற்கையான நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. அதனால் பக்கவாட்டில் குலுக்கும் அலைகள் வலுவாக எழும். குண்டு வெடிக்கும்போது பாறை எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளப்படுகிறது. முதலில் வரும் அழுத்த அலை கூர்மையாக இருக்கும், பின்னால் வரும் குலுக்கல் அலை மெலிந்திருக்கும். இந்த வேறுபாட்டை வைத்தே, 'இது நிலநடுக்கம் இல்லை' என்று நிபுணர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

அலையின் வலுவை வைத்து குண்டின் ஆற்றலையும் கணக்கிடலாம். 2006இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் பதிவு செய்த அளவு 4.3. குண்டின் ஆற்றல் ஒரு கிலோ டன்னுக்கும் குறைவு. ஹிரோஷிமாவில் போடப்பட்டது சுமார் 15 கிலோ டன் என்பதால், பலர் இதைப் பாதி தோற்றுப்போன சோதனை என்றே சொன்னார்கள். 2017இல் அதே மையம் பதிவு செய்தது 6.3. ஹைட்ரஜன் குண்டு என்று வட கொரியா அறிவித்தது. பெரும்பாலான மதிப்பீடுகள் 100 கிலோ டன்னைத் தாண்டின. எட்டரை நிமிடம் கழித்து இன்னொரு சிறிய அதிர்வும் பதிவானது. வெடிப்பால் மலைக்குள் ஏற்பட்ட குழிவு இடிந்து விழுந்ததன் அதிர்வு அது.

ஆனால் நிலநடுக்கமானி சொல்வது, 'ஏதோ வெடித்தது' என்பது வரைதான். வெடித்தது அணுகுண்டா, மலைபோல் குவித்து வைத்த சாதாரண வெடிமருந்தா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் காற்றை முகர வேண்டும். அணுப்பிளவில் செனான் என்ற வாயுவின் கதிரியக்க வகைகள் உண்டாகின்றன. எதனோடும் சேராத வாயு என்பதால் பாறை இடுக்கு வழியாக மெல்லக் கசிந்து வெளியே வரும். அணுச்சோதனைத் தடை ஒப்பந்த அமைப்பு வியன்னாவில் இருந்துகொண்டு இதற்காகவே உலகெங்கும் கண்காணிப்பு நிலையங்களை நடத்துகிறது. 2006இல் சுமார் இரண்டு வாரம் கழித்து, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் அந்த வாயுவின் தடயம் சிக்கியது. அமெரிக்க விமானம் ஒன்று அக்டோபர் 11 அன்றே காற்று மாதிரியைப் பிடித்துவிட்டது; 16ஆம் தேதி அமெரிக்கா அதை உறுதி செய்தது. 2009 சோதனையில் அந்த நிலையங்களுக்கு ஒன்றும் சிக்கவில்லை. 2013 சோதனையின் தடயம் ஜப்பானின் தகசாகி நிலையத்துக்கு வந்து சேர ஏறக்குறைய எட்டு வாரம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உலகத் தலைவர்கள் ஒலிவாங்கி முன் வந்து கண்டிக்கும் நேரத்தில் முழு ஆதாரம் பொதுவில் எவரிடமும் இருப்பதில்லை. 2006இல் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும், வட கொரியா சொல்வதை உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்ற முன்குறிப்போடுதான் கண்டித்தார். முதல் நாள் கண்டனம் அறிவிப்புக்கானது. ஆதாரம் பிறகு வரும், சில நேரம் வராமலும் போகும்.

நியூயார்க்கில் என்ன நடக்கிறது?

அடுத்த காட்சி பாதுகாப்பு கவுன்சில். உலகமே கூடி விவாதிப்பது போலத் தோன்றினாலும், உண்மையான பேரம் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையில்தான். இரண்டும் வாசகத்தில் ஒத்துப்போன பிறகே வரைவு மற்றவர்கள் கைக்குப் போகும். அந்தப் பேரம் எத்தனை நாள் பிடித்தது என்பதை ஆறு சோதனைகளுக்கும் வரிசையாகப் பார்க்கலாம்.

2006: 5 நாள், தீர்மானம் 1718.
2009: 18 நாள், தீர்மானம் 1874.
2013: 23 நாள், தீர்மானம் 2094.
2016 ஜனவரி: 56 நாள், தீர்மானம் 2270.
2016 செப்டம்பர்: 82 நாள், தீர்மானம் 2321.
2017: 8 நாள், தீர்மானம் 2375.

முதல் அதிர்ச்சியில் ஐந்தே நாள். பிறகு முறைக்கு முறை இழுபறி கூடியது. கேட்கப்படும் தடை கனமாகக் கனமாக, சீனா பேரம் பேசும் காலமும் நீண்டது. கடைசியில் மறுபடியும் எட்டு நாளாகச் சுருங்கியதற்குக் காரணம், குண்டின் அளவும் அதே ஆண்டு ஜூலையில் வட கொரியா ஏவிய கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும்.

முதல் தீர்மானம் எப்படி வடிவெடுத்தது என்று பார்த்தால் பேரத்தின் தன்மை புரியும். ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் வந்தாலும், ராணுவ நடவடிக்கைக்கு இடமில்லாத 41ஆம் பிரிவோடு அது நிறுத்தப்பட்டது. சீனாவும் ரஷ்யாவும் அதில் பிடிவாதமாக இருந்தன. பீரங்கி, போர் விமானம், ஏவுகணைப் பாகங்கள் ஆகியவற்றோடு ஆடம்பரப் பொருட்களையும் வட கொரியாவுக்கு விற்கத் தடை வந்தது. ஆட்சியாளர் கிம் ஜோங்-இல் தன் தளபதிகளுக்குக் கொடுக்கும் பரிசுகளை நிறுத்துவதே நோக்கம். எது ஆடம்பரம் என்று தீர்மானம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் தானே பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் பட்டியலில் ஐபாட், பிளாஸ்மா டிவி, கோன்யாக் மது, செக்வே ஸ்கூட்டர் எல்லாம் இருந்தன. வாக்கெடுப்பு முடிந்ததும் வட கொரியத் தூதர் தீர்மானத்தை முற்றாக நிராகரிப்பதாகச் சொல்லிவிட்டு அவையை விட்டு வெளிநடப்புச் செய்தார்.

யாருக்கு எது பயம்?

*சீனா.* வட கொரியாவின் வெளிவணிகத்தில் பெரும்பங்கு சீனாவோடுதான். சில ஆண்டுகளில் அது 90 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறது. தாண்டோங் நகரருகே யாலு ஆற்றைக் கடந்து போகும் எண்ணெய்க் குழாய்தான் அந்த நாட்டின் உயிர்நாடி. குழாயை மூடினால் வட கொரியத் தலைநகர் பியாங்யாங் பணிந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். பணியாமல் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதே பெய்ஜிங்கின் பயம். அகதிகள் ஆற்றைக் கடந்து வருவார்கள். ஒன்றிணைந்த கொரியாவில் அமெரிக்கப் படை தன் எல்லை வரை வந்து நிற்கும். குண்டு பிடிக்கவில்லை, ஆட்சி கவிழ்வது அதைவிடப் பிடிக்கவில்லை. அதனால் பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் அடிக்கிற வித்தையைத்தான் அது ஒவ்வொரு தீர்மானத்திலும் காட்டியது. 2017இல் முழு எண்ணெய்த் தடை கேட்டு அமெரிக்கா கொண்டுவந்த வரைவு, பேரத்துக்குப் பின் சுத்திகரித்த எண்ணெய்க்கு ஆண்டுக்கு 20 லட்சம் பீப்பாய் என்ற உச்சவரம்பாக இளகியது. அந்த ஆண்டு டிசம்பரில், ஓர் ஏவுகணைச் சோதனைக்குப் பிறகு, அது 5 லட்சம் பீப்பாயாகக் குறைந்தது. கச்சா எண்ணெய்க்கும் 40 லட்சம் பீப்பாய் வரை வழி விடப்பட்டது. உச்சவரம்பு வந்தது, குழாய் மூடப்படவில்லை.

சீனாவுக்கு வெடிப்பு வெறும் ராஜதந்திரச் செய்தியும் அல்ல. 2017இல் எல்லையை ஒட்டிய யான்ஜி நகரில் கட்டடங்கள் ஆடின, மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். சீன அரசு எல்லையோரத்தில் அவசரமாகக் கதிரியக்க அளவீட்டைத் தொடங்கியது. அன்றைக்குத்தான் அதிபர் ஷி ஜின்பிங், பிரிக்ஸ் மாநாட்டுக்காக ஷியாமென் நகரில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

*தென் கொரியா.* எல்லையிலிருந்து சியோல் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாட்டு மக்களில் பாதிப் பேர் சியோலிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். அணுகுண்டு தேவையே இல்லை, வடக்கின் சாதாரண பீரங்கிகளே அந்த நகரத்தைக் குலைத்துவிடும். எனவே எந்தச் சோதனைக்கும் போர் விடையாகாது என்பதில் அங்கே கட்சி வேறுபாடு இல்லை. மீதி எல்லாவற்றிலும் உண்டு. 2006இல் ரோ மூ-ஹியூன் அரசு, வடக்கோடு சேர்ந்து நடத்திய கேசாங் கூட்டுத் தொழிற்பேட்டையை மூடாமல் வைத்திருந்தது. 2016 ஜனவரி சோதனையை அடுத்து பார்க் கியூன்-ஹே அரசு எல்லையில் ஒலிபெருக்கி கட்டி வடக்கை நோக்கிச் செய்தியும் கே-பாப் பாட்டும் ஒலிபரப்பியது. பிப்ரவரியில் வடக்கு ராக்கெட் ஏவியதும், 50,000க்கு மேற்பட்ட வட கொரியத் தொழிலாளர்கள் வேலை பார்த்த கேசாங்கை மூடியே விட்டது.

மக்களின் எதிர்வினை நாளடைவில் தணிந்தது. 2006 சோதனையன்று சியோல் பங்குச் சந்தை 2 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பல மடங்கு பெரிய குண்டு வெடித்த 2017இல் அடுத்த வேலைநாளில் சரிவு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. வெளியில் இருப்பவர்கள் இதை அலட்சியம் என்று நினைக்கலாம். ஆனால் அதே மக்களிடம், 'நமக்கும் அணுகுண்டு வேண்டுமா?' என்று கேட்ட பல கருத்துக் கணிப்புகளில் பத்தில் ஏறக்குறைய ஏழு பேர் 'வேண்டும்' என்றார்கள். பதற்றம் கடைத்தெருவில் தெரியாது, அடியில் இருக்கிறது.

*ஜப்பான்.* அணுகுண்டால் தாக்கப்பட்ட ஒரே நாடு. 2006இல் ஐ.நா. தீர்மானத்துக்குக் காத்திராமல் தானே தடை போட்டது. வட கொரியக் கப்பல்கள் துறைமுகங்களுக்குள் வரக் கூடாது, எந்தப் பொருளும் இறக்குமதியாகக் கூடாது. அதுவரை ஜப்பானியச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த வட கொரிய நண்டும் சிப்பியும் மட்சுடாகே காளானும் நின்றுபோயின. ஜப்பானின் கோபத்தில் குண்டுக்கு முந்தைய வடு ஒன்றும் கலந்திருக்கிறது: 1970களிலும் 80களிலும் வட கொரிய உளவாளிகள் ஜப்பானியக் குடிமக்களைக் கடத்திப் போனார்கள், 2002இல் பியாங்யாங்கே 13 பேர் விஷயத்தில் அதை ஒப்புக்கொண்டது.

முதல் சோதனை முடிந்த சில நாட்களில் ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஷோய்ச்சி நகாகாவா, அணு ஆயுதம் பற்றி ஜப்பானும் விவாதிக்கலாம் என்றார். அணு ஆயுதத்தை வைத்திருப்பதில்லை, தயாரிப்பதில்லை, உள்ளே விடுவதில்லை என்ற மூன்று கொள்கைகளில் மாற்றமில்லை என்று அபே உடனே சொன்னார். உண்மையில் அந்தப் பேச்சு பெய்ஜிங்கின் காதில் விழுந்ததுதான் முக்கியம். ஜப்பான் குண்டு செய்யும் நாள் வந்துவிடக் கூடாது என்பது சீனாவின் இன்னொரு பயம்.

*அமெரிக்கா.* 2006இல் வட கொரியக் குண்டு அமெரிக்கா வரை பறக்காது. அப்போது வாஷிங்டனின் கவலை வேறு: இதை வேறு நாட்டுக்கோ பயங்கரவாதிகளுக்கோ விற்றுவிட்டால்? புஷ் அந்த எச்சரிக்கையை முதல் நாளே விடுத்தார். பயம் வீணும் அல்ல. 2007 செப்டம்பரில் இஸ்ரேல் விமானங்கள் சிரியாவில் குண்டு வீசி அழித்த கட்டடம், வட கொரிய உதவியோடு கட்டிய அணு உலை என்று அமெரிக்கா மறு ஆண்டு அறிவித்தது. 2017இல் கவலை மாறிவிட்டது. ஏவுகணை அமெரிக்க மண்ணையே எட்டும் என்ற நிலை வந்தது.

இரண்டாவது வேலையும் வாஷிங்டனுக்கு உண்டு, அது நண்பர்களைச் சமாதானப்படுத்துவது. முதல் சோதனை நடந்த பத்தாம் நாளுக்குள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் டோக்கியோ, சியோல் என்று பறந்து, உங்களைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று சொன்னார். எதிரியை மிரட்டுவதற்கு எவ்வளவோ, அவ்வளவுக்கு நண்பர்கள் தாங்களே குண்டு செய்யப் புறப்படாமல் தடுப்பதற்கும் இந்தப் பயணங்கள்.

*ரஷ்யா.* வட கொரியாவோடு மிகக் குறுகிய எல்லைதான். ஆறு தீர்மானங்களுக்கும் ஆதரவாகவே வாக்களித்தது. உக்ரைன் போர் தொடங்கிய பின் எல்லாம் தலைகீழாயிற்று. 2022 மே மாதம், வட கொரியாவின் ஏவுகணைச் சோதனைகளுக்காகப் புதிய தடை கேட்ட தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ அதிகாரத்தால் வீழ்த்தின. 2024 மார்ச்சில், தடைகள் மீறப்படுகின்றனவா என்று கண்காணித்துவந்த ஐ.நா. நிபுணர் குழுவின் பதவிக்கால நீட்டிப்பையும் ரஷ்யா தடுத்துவிட்டது. அந்த ஜூனில் இரு நாடுகளும் பரஸ்பர உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியாவும் கண்டித்தது, ஆனால் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு கண்டித்தது. யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்கள் பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் நடத்திய வலைப்பின்னல் வழியாக வட கொரியாவுக்குப் போயிருந்தன. எனவே டெல்லியின் அறிக்கைகளில் கள்ளத்தனமான அணு ஆயுதப் பரவல் பற்றிய வரி இடம்பெறும்; யாரைக் குறிக்கிறது என்று பெயர் சொல்லத் தேவையிருக்காது. 2017 ஏப்ரலில் உணவு, மருந்து தவிர்த்து வட கொரியாவுடனான வணிகத்தை இந்தியா பெரும்பாலும் நிறுத்தியது.

கண்டனத்தைக் கேட்டுக்கொள்ளும் இடத்திலும் இந்தியா இருந்திருக்கிறது. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியாவும் சாகாயில் பாகிஸ்தானும் குண்டு வெடித்தபோது, ஜூன் 6 அன்று பாதுகாப்பு கவுன்சில் 1172ஆம் தீர்மானத்தில் இரண்டையும் கண்டித்தது. அமெரிக்கா விதித்த தடைகள் 2001இல் விலகின. வித்தியாசம் எங்கே? அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா என்றுமே கையெழுத்திடவில்லை. வட கொரியா 1985இல் சேர்ந்து, 2003இல் வெளியேறுவதாக அறிவித்துவிட்டுக் குண்டு செய்தது. அதைவிடப் பெரிய காரணம், இந்தியாவின் நட்பு பலருக்கு வேண்டியிருந்தது. எதிர்வினையின் கடுமை குண்டின் அளவைப் பொறுத்ததல்ல, குண்டு யார் கையில் என்பதைப் பொறுத்தது.

தடைகள் பலித்தனவா?

வட கொரியா என்ன பாடம் கற்றது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2005 செப்டம்பரில் அமெரிக்க நிதித் துறை மக்காவு நகரில் உள்ள பாங்கோ டெல்டா ஏசியா வங்கியைக் குறிவைத்ததால், வட கொரியாவின் சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது. அடுத்த ஆண்டு குண்டு வெடித்தது. அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரியில் பேச்சில் உடன்பாடு வந்து, ஜூனில் அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது. பதிலுக்கு 2008 ஜூனில் யோங்பியோன் அணு உலையின் குளிர்விப்புக் கோபுரத்தை வட கொரியா தகர்த்துக் காட்டியது. பிறகு சரிபார்ப்பு முறையில் தகராறு மூண்டு பேச்சு முறிந்தது. 2009 மே மாதம் இரண்டாவது குண்டு வெடித்தது. குண்டு வெடித்த பின்தான் மேசையில் ஏதோ கிடைத்தது என்று பியாங்யாங் கணக்குப் போட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

2016, 2017 தடைகள் நிஜமாகவே கடித்தன. நிலக்கரி, துணி, கடலுணவு என்று ஏற்றுமதி அடுக்கடுக்காக அடைபட்டது. 2018இல் சீனாவுக்குப் போன ஏற்றுமதி முந்தைய ஆண்டின் எட்டில் ஒரு பங்களவுக்கு வீழ்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வட கொரிய ஆட்சியாளர் கிம் ஜோங்-உன் சோதனையை நிறுத்துவதாக அறிவித்தார், மே மாதம் புங்கியே-ரி சுரங்கங்களை வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் வெடி வைத்து மூடினார், ஜூனில் சிங்கப்பூரில் அமெரிக்க அதிபர் டிரம்பைச் சந்தித்தார். தடை பணிய வைத்தது என்பார் ஒரு சாரார். வேண்டிய குண்டு கைக்கு வந்துவிட்டது, இனிச் சோதனை எதற்கு என்பார் மறு சாரார். 2019 பிப்ரவரியில் ஹனோயில் இருவரின் சந்திப்பு வெறுங்கையோடு முடிந்தது. 2022இல் அணு ஆயுதத்தை எப்போது பயன்படுத்தலாம் என்று சட்டமே இயற்றிவிட்டது வட கொரியா.

தடைக்கு ஓர் எல்லை உண்டு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? எல்லாம் தடைபட்ட நாட்டிடம் மேலும் பறிக்க அதிகம் மிஞ்சுவதில்லை. அது வேறு வழி தேடிக்கொள்கிறது. நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுகிறார்கள். கணினி வழியே திருடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து ஒரே வீச்சில் போன சுமார் 150 கோடி டாலருக்கு வட கொரியாவே காரணம் என்றது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.

அடுத்த முறை எதைப் பார்ப்பது?

ஏழாவது சோதனை நடந்தால் அன்றைக்கே வரும் கண்டனங்கள் எப்படியிருக்கும் என்று இப்போதே எழுதி வைத்துவிடலாம். அவற்றைவிட, முதல் மணி நேரத்தில் அறிவிக்கப்படும் அதிர்வின் அளவு பயனுள்ள செய்தி. அது 6ஐத் தாண்டினால் பெரிய குண்டு, 4ஐ ஒட்டியிருந்தால் சிறிய குண்டு அல்லது கோளாறு. சியோலில் அணு ஆயுதக் கோரிக்கை எழுகிறதா என்பது அடுத்தது. மூன்றாவதாக, பாதுகாப்பு கவுன்சிலில் எத்தனை நாளில் தீர்மானம் வருகிறது என்று எண்ணலாம். ஆனால் ரஷ்யாவின் இன்றைய நிலையில் தீர்மானம் வருமா என்பதே கேள்வி. அப்படி வராமல் போனால், ஆறு முறையும் ஒருமனதாகக் கை தூக்கிய சபை ஏழாவது முறை கையைக் கட்டிக்கொண்டது என்பதுதான் வெடிப்பைவிடப் பெரிய செய்தியாக இருக்கும்.